ட்ருகட்டில் சின்னச் சின்னச் சுரப்பிகள், பி63 நெகடிவ்: கேன்சர் என்று எழுதிவிடலாமா?

வண்ணார்பேட்டை_பேத்தாலஜி (வியாழன், இரவு 9.10)

மூன்று நாளாக ஒரு ஸ்லைடு என் மேசையை விட்டு நகரவில்லை. பெரியவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நோயாளியின் விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

44 வயது அம்மா, ஆலங்குளம் பக்கம், பீடி சுற்றுகிறவர். பீடித்தட்டை மடியில் வைத்துக் குனியும்போதெல்லாம் முழங்கையில் ஏதோ தட்டுகிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வலது மார்பு, மேல் வெளிப்பக்கம், நெல்லிக்காய் அளவு கட்டி. ஸ்கேனில் பைராட்ஸ் 4, அதாவது கேன்சராக இருக்கலாம் என்ற சந்தேகம். ட்ருகட் ஊசியால் கட்டியில் குத்தி நான்கு கோர், அதாவது மெல்லிய திசுத் துண்டு, எடுத்து அனுப்பினார்கள், இரண்டு இரண்டாக மெழுகில் பதித்து இரண்டு பிளாக் போட்டோம்.

முதல் பிளாக்கில் ஒரு கோர் முழுக்கக் கொழுப்பு. இன்னொன்றில் கொழுப்புக்கும் நார்த்திசுவுக்கும் நடுவே சின்னச் சின்னச் சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. லோபியூல் (பால் சுரப்பிகளின் கொத்து) என்று சொல்லும்படி ஒரு கட்டுக்கோப்பும் இல்லை. ஒவ்வொரு சுரப்பியிலும் ஒரே அடுக்குச் செல்தான், உட்கரு ஒரே அளவு, மைட்டோசிஸ் (செல் பிரிதல்) இல்லை. இரண்டாவது பிளாக்கிலும் இதே படம், கொஞ்சம் குறைவாக. முதல் பிளாக்கை பி63-க்கு, அதாவது சுரப்பியின் வெளி அடுக்கான மயோஎபிதீலியல் செல்லைக் காட்டும் ஸ்டெயினுக்கு, வெளியே அனுப்பினேன், நெகடிவ் என்று வந்தது.

சர்ஜன் தினமும் போன் செய்கிறார். அறுவைக்குத் தேதி குறித்து, வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். நான் எழுதப்போகும் ஒரு வரியை வைத்துத்தான் மார்பு இருப்பதும் போவதும். கை ஓடவில்லை.

பிஜி_இரண்டாம்_வருடம் (வியாழன், இரவு 9.45)

மேடம், மயோஎபிதீலியல் அடுக்கு இல்லை, சுரப்பிகள் கொழுப்புக்குள் போகின்றன, உட்கரு சாதுவாக இருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் டியூபுலர் கார்சினோமா என்ற மார்பகப் புற்றுநோய்தானே? மயோஎபிதீலியம் போய்விட்டால் அது இன்வேசிவ், அதாவது சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவும் கேன்சர், என்றுதான் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தார்கள். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பழைய_நுண்ணோக்கி (வியாழன், இரவு 11.20)

தம்பி, சொல்லித் தந்தது சரிதான். ஆனால் அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மேடம், முதலில் 40 எக்ஸை விட்டு இறங்குங்கள். குறைந்த பெருக்கமான 4 எக்ஸில் வைத்து, கண்ணை ஸ்லைடு முழுக்க மெதுவாக ஓட விடுங்கள். சின்னச் சுரப்பிகள் உள்ள மார்புக் கட்டியில் பாதிப் பதில் லோ பவரிலேயே கிடைத்துவிடும். நம்மில் பலர் செல்லைப் பார்க்கும் அவசரத்தில் ஊரைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம்.

கேன்சர் இல்லாத ஸ்க்ளீரோசிங் அடினோசிஸ் என்றால் லோ பவரில் லோபியூலின் எல்லை தெரியும். நம் ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடம் வைக்கத் துணியைச் சுருட்டித் தலையில் வைப்பார்களே, சும்மாடு, அப்படிச் சுற்றிச் சுற்றிப் போகும். நடுவில் சுரப்பிகள் நெரிந்து கோடு கோடாகக் கிடக்கும், ஓரத்துக்கு வர வர வாய் திறந்திருக்கும். எவ்வளவு நெரிந்திருந்தாலும் மயோஎபிதீலியல் செல் இருக்கும். சில சமயம் இந்தச் சுரப்பிகள் நரம்பைச் சுற்றிக்கூடப் போகும். அதைப் பார்த்துப் பயந்து கேன்சர் என்று எழுதியவர்கள் உண்டு.

டியூபுலர் கார்சினோமாவில் சுரப்பிக்கு ஒரு பக்கம் கூராக இழுத்துக்கொண்டு போகும், நீர்த்துளி வழிகிற மாதிரி. வாய் நன்றாகத் திறந்திருக்கும், உள்ளே பெரும்பாலும் காலியாக இருக்கும். செல்லின் மேல்நுனி லூமெனுக்குள், அதாவது சுரப்பியின் உள்துளைக்குள், மூக்குப் போலத் துருத்தும். சுற்றியுள்ள ஸ்ட்ரோமா எனும் தாங்கு திசு இளசாக, செல் நிறைந்து, கட்டியே வளர்த்துக்கொண்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

உங்கள் விவரிப்பில் எனக்கு வேண்டியது நான்கு விஷயம். சுரப்பி உருண்டையா, கூரா? லூமெனுக்குள் ஏதாவது இருக்கிறதா? ஸ்ட்ரோமா எப்படி? அப்புறம், முக்கியமானது, பி63 போட்ட அந்த கோரில் சாதாரண டக்ட் (பால் குழாய்) ஒன்றாவது இருந்ததா?

கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து சும்மா தாண்டிப் போகாதீர்கள்.

தென்காசி_சர்ஜன் (வெள்ளி, காலை 6.30)

வார்டு ரவுண்டுக்கு முன் படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. எப்படியும் அந்தக் கட்டியை எடுக்கத்தானே போகிறோம்? எங்களிடம் வருகிற அம்மாக்கள் கூலி விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். ஸ்டெயினுக்கு மேல் ஸ்டெயின் என்று இரண்டு வாரம் இழுத்தால் சிலர் திரும்பி வருவதே இல்லை. ஒருவரை அப்படி இழந்திருக்கிறேன். அவர் மறுபடி வந்தபோது கட்டி தோலைப் பிளந்திருந்தது.

பழைய_நுண்ணோக்கி (வெள்ளி, காலை 8.05)

கோபமே இல்லை டாக்டர். நீங்கள் சொல்லும் பயம் உண்மையானது. ஆனால் “எப்படியும் எடுக்கத்தானே போகிறோம்” என்பதில் எதை எடுக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி. கட்டியை மட்டுமா, மார்பையா, அக்குள் நிணநீர்க் கணுவையும் சேர்த்தா? அந்த முடிவு எங்கள் ஒரு வரியில்தான் தொங்குகிறது.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு ஃப்ரோசன் செக்ஷன், அறுவை நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்ப்பது. உறைந்த திசுவில் நெரிந்த சுரப்பிகள், கார்சினோமா என்று சொல்லப்பட்டது, அங்கேயே மார்பை எடுத்தார்கள். நாலாம் நாள், மெழுகில் பதித்து வெட்டிய பாரஃபின் செக்ஷன் என் கைக்கு வந்தது. முழுக்க ஸ்க்ளீரோசிங் அடினோசிஸ். எல்லா பிளாக்கையும் வெட்டி வெட்டித் தேடினேன், கேன்சர் எங்கும் இல்லை. அந்த அம்மா நன்றி சொல்லி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார். என்னால் அதைத் தொட முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இரண்டு வாரம் வேண்டாம், நான்கு நாள் கொடுங்கள்.

வண்ணார்பேட்டை_பேத்தாலஜி (வெள்ளி, மதியம் 1.40)

ஐயா, காலையில் முதல் வேலையாக 4 எக்ஸில் உட்கார்ந்தேன்.

சுரப்பிகள் உருண்டை. களத்தில் கேப்பை சிந்திக் கிடப்பது போல, வரிசை இல்லாமல், ஒன்றையொன்று நெரிக்காமல். கூர்முனை தேடித்தான் பார்க்கிறேன், இரண்டு மூன்றில் லேசாக இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்ட்ரோமாவில் இளசான திசுவே இல்லை, பழைய கொலாஜனும் கொழுப்பும்தான். சுரப்பி வந்ததே கொழுப்புக்குத் தெரியாத மாதிரி இருக்கிறது.

லூமெனுக்குள் அடர்ந்த இளஞ்சிவப்பில் ஒரு சொட்டு. தைராய்டு கொலாய்டு போல, ஓரம் வழவழவென்று. பாதிக்கு மேற்பட்ட சுரப்பிகளில் இருக்கிறது. இதைத்தான் நான் முந்தாநாள் “சுரப்பு” என்று மனதில் குறித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி. பி63 ஸ்லைடைத் திரும்ப எடுத்தேன். அந்த பிளாக்கில் சாதாரண டக்டோ லோபியூலோ ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லை. அப்படியானால் அந்த நெகடிவ் நிஜ நெகடிவா, ஸ்டெயின் வேலை செய்யவில்லையா என்று எனக்கே தெரியாது. ஸ்டெயினைச் சோதிக்கக் கூடவே போடும் கன்ட்ரோல் ஸ்லைடு தனியாக நன்றாக வந்தது என்றார்கள். ஆனால் எங்கள் திசு முதலில் எவ்வளவு நேரம் எதில் கிடந்தது என்பது கன்ட்ரோல் ஸ்லைடுக்குத் தெரியாதே.

பழைய_நுண்ணோக்கி (வெள்ளி, மாலை 4.15)

அதேதான். பி63 உட்கருவில் ஏறும் ஸ்டெயின். பக்கத்தில் ஒரு நல்ல டக்ட் இருந்து, அதைச் சுற்றிப் பழுப்பு மணிகள் வரிசையாகத் தெரிந்தால்தான், இந்தச் சின்னச் சுரப்பியில் இல்லை என்பதற்கு அர்த்தம். இரண்டாவது பிளாக்கில் ஒரு டக்ட் கிடைக்கிறதா பாருங்கள், கிடைத்தால் அதில் போடச் சொல்லுங்கள். கூட, மயோஎபிதீலியத்தைக் காட்டும் இன்னொரு ஸ்டெயினான கால்போனினும் போட்டால் நல்லது. அதே வகை ஸ்டெயினான எஸ்எம்ஏவை மட்டும் நம்பாதீர்கள், ரத்தக் குழாயும் நார்த்திசுவின் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்லும் அதில் ஏறிக்கொண்டு கண்ணை ஏமாற்றும்.

இப்போது தம்பிக்கு அந்த விலக்கு. பெயர் மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ், கேன்சர் இல்லாத வளர்ச்சி. 1983-இல் ரோசன் ஒரு பக்கம், கிளமென்ட்டும் அஸ்ஸோபார்டியும் ஒரு பக்கம், டவசோலியும் நாரிஸும் இன்னொரு பக்கம் என்று ஒரே வருடத்தில் மூன்று தரப்பினர் இதை விரிவாக எழுதினார்கள். மயோஎபிதீலியம் கிடையாது, கொழுப்புக்குள்ளும் சிதறும். ஆனால் ஒவ்வொரு சுரப்பியையும் சுற்றி அடிச்சவ்வு முழு வளையமாக இருக்கும். உள்ளே அந்தச் சிவப்புச் சொட்டு, சர்க்கரைப் பொருளைச் செவ்வூதாவாக்கும் பாஸ் ஸ்டெயினில் ஏறும், கிளைகோஜனைக் கரைக்கும் டயஸ்டேஸ் போட்டாலும் போகாது. எஸ்100 என்ற புரதத்துக்கான ஸ்டெயின் பலமாகப் பாசிடிவ். மார்புக் கட்டியில் பார்க்கும் ரிசப்டர்களான ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகடிவ். டியூபுலர் கார்சினோமாவில் ஈஆர் கிட்டத்தட்ட எப்போதும் பாசிடிவாக இருக்கும், எஸ்100 பொதுவாக ஏறாது. இந்த இரண்டு ஸ்டெயினும் எதிரெதிராக நிற்பதால் பெரிய உதவி.

எஸ்100-க்கு உள்ளேயே கன்ட்ரோல் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கொழுப்புச் செல்லும் நரம்பும் அதில் ஏறும். கோர் முழுக்கக் கொழுப்பு என்று வருத்தப்பட்டீர்களே, அது இப்போது உங்களுக்குச் சாட்சி.

மைக்ரோடோம்_அண்ணாச்சி (வெள்ளி, இரவு 8.50)

நான் டெக்னீஷியன், முப்பது வருடமாக செக்ஷன் வெட்டுகிறேன். ஐஹெச்சி, அதாவது பி63, எஸ்100 போன்ற ஸ்டெயின்கள், வர நாலு நாள் ஆகும். அதற்குள் கையில் இருப்பதை வைத்து இரண்டு ஸ்டெயின் போட்டுவிடலாம் மேடம். செலவு மிகக் குறைவு.

பாஸ் போடுவதற்கு முன், அதில் நிறம் தரும் ஷிஃப் திரவத்தைச் சோதிக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் ஃப்ரிட்ஜில் வைத்ததே கெட்டுப்போகும். கொஞ்சம் ஃபார்மலினில் சில சொட்டு விடுங்கள். உடனே செவ்வூதா வந்தால் நல்லது. தாமதமாக நீலம் கலந்து வந்தால் கொட்டிவிடுங்கள், அதை வைத்து நெகடிவ் என்று எழுதக் கூடாது.

டயஸ்டேஸ் கையில் இல்லையா? எச்சில் போதும். அதில் உள்ள அமைலேஸ் அதே வேலையைச் செய்யும். எங்கள் காலத்தில் அப்படித்தான். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, ஸ்லைடின் மேல் விட்டு அரை மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். கிளைகோஜன் கரைந்து போகும், நீங்கள் தேடுகிற சொட்டு அப்படியே நிற்கும். ஒரு ஈரல் ஸ்லைடைக் கூடவே போடுங்கள். ஈரலில் சிவப்பு போயிருந்தால் எச்சில் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது ஸ்டெயின் ரெடிகுலின், சுரப்பியைச் சுற்றியுள்ள சவ்வைக் கறுப்பாகக் காட்டுவது, அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் டிஸ்டில்டு வாட்டரில் அலசியிருக்க வேண்டும். போர் தண்ணீர் பட்டால் அதில் உள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து ஸ்லைடு முழுக்க அழுக்காகிவிடும். அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலை அன்றைக்கு வேண்டியது மட்டும் செய்யுங்கள். மீதியை மூடி வைக்கவே கூடாது, காய்ந்தால் வெடிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றிச் செயலிழக்கச் செய்துவிட்டுக் கொட்டுங்கள். நன்றாக வந்தால் ஒவ்வொரு சுரப்பியைச் சுற்றியும் கறுப்பு நூல் கட்டினது போலத் தெரியும்.

இன்னொன்று, சர்ஜன் டாக்டர்களுக்கு. திசுவை சலைன் பாட்டிலில் போட்டு பஸ்ஸில் அனுப்பாதீர்கள். போன மாசம் ஒரு கட்டி அப்படித்தான் வந்தது, மூடியைத் திறந்ததும் வாடை. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். மார்புத் திசு குறைந்தது 6 மணி, அதிகபட்சம் 72 மணி. அதைத் தாண்டினால் ஈஆர், பி63 எதையும் நம்ப முடியாது. ஃபார்மலினில் வெறும் தண்ணீரை மட்டும் கலக்காதீர்கள், அமிலத்தன்மையைச் சமன்செய்யும் பஃபர் உப்பும் வேண்டும். 100 மில்லி ஃபார்மலின், 900 மில்லி தண்ணீர், மோனோபேசிக் சோடியம் பாஸ்பேட் 4 கிராம், டைபேசிக் ஆறரை கிராம். பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன், கேட்கிற நர்சிங் ஹோமுக்கு நானே கொடுத்துவிடுகிறேன்.

தென்காசி_சர்ஜன் (வெள்ளி, இரவு 9.30)

அண்ணாச்சி, எங்கள் தியேட்டருக்கும் பத்துப் பொட்டலம் வேண்டும். திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன்.

சங்கரன்கோவில்_மகள் (சனி, காலை 10.15)

டாக்டர்கள் பேசுகிற இடத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு 51 வயது. மார்பில் கட்டி எடுத்து, ரிப்போர்ட்டில் ஸ்க்ளீரோசிங் அடினோசிஸ், கேன்சர் இல்லை என்று போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் சித்தி, அடினோ என்று வந்தாலே கேன்சர்தான், மறைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு வயிற்றில் அடினோகார்சினோமா வந்துதான் போனார். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உண்மை என்ன?

வண்ணார்பேட்டை_பேத்தாலஜி (சனி, காலை 10.40)

எழுதலாம் அம்மா, இது உங்களுக்கான இடமும்தான். அடினோ என்றால் சுரப்பி, அவ்வளவுதான். கேன்சரைச் சொல்லும் சொல் அதற்குப் பின்னால் வருகிற கார்சினோமா. உங்கள் சித்தப்பா ரிப்போர்ட்டில் அது இருந்தது, அம்மா ரிப்போர்ட்டில் இல்லை. அம்மாவுக்கு வந்திருப்பது பால் சுரப்பிகள் எண்ணிக்கையில் கூடி, நடுவில் நார்த்திசு வளர்ந்து நெரித்திருப்பது. அது கேன்சர் இல்லை, யாரும் மறைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இது இருந்தவர்களுக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிப்படை வாய்ப்பே சிறியது என்பதால் பெரும்பாலானோருக்கு ஒன்றும் வருவதில்லை. மேமோகிராம் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டி, தோல் உள்வாங்கல், காம்பில் ரத்தம் என்றால் காத்திருக்காமல் வாருங்கள். இப்போது அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். சித்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசித்துக் காட்டுங்கள்.

சங்கரன்கோவில்_மகள் (சனி, மதியம் 2.05)

வாசித்தேன் மேடம். சித்தியும் கேட்டார். அம்மா ரசம் சோறு சாப்பிட்டார்.

வண்ணார்பேட்டை_பேத்தாலஜி (செவ்வாய், இரவு 7.30)

எல்லாம் வந்துவிட்டது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இரண்டாவது பிளாக்கில் ஆழமாக வெட்டியதில் ஓரத்தில் ஒரு டக்ட் கிடைத்தது. பி63-இல் அந்த டக்டைச் சுற்றிப் பழுப்பு மணிகள் அழகாக வரிசை கட்டியிருந்தன. ஒரு மில்லிமீட்டர் தள்ளிச் சின்னச் சுரப்பிகளில் ஒரு மணிகூட இல்லை. கால்போனினும் அதே. இப்போது இந்த நெகடிவை நான் நம்புகிறேன்.

பாஸில் சொட்டுகள் பளிச்சென்று செவ்வூதா, அண்ணாச்சி சொன்னபடி எச்சிலுக்கு அப்புறமும் அப்படியே. ஈரலில் சிவப்பு போயிருந்தது. ரெடிகுலின் முதல் தடவை அழுக்காக வந்தது, இரண்டாம் தடவை பாத்திரத்தை அலசிப் போட்டதும் ஒவ்வொரு சுரப்பியைச் சுற்றியும் கறுப்பு நூல், எங்கும் அறுபடாமல். எஸ்100 எல்லாச் சுரப்பியிலும் அடர்த்தியாக ஏறியிருக்கிறது, கொழுப்புச் செல் ஓரமும் ஏறியிருக்கிறது. ஈஆர் நெகடிவ், அந்த ஒரே டக்டில் மட்டும் சில உட்கரு பாசிடிவ்.

மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ் என்று எழுதினேன். கோரில் அட்டிபியா (செல்லில் சந்தேகத்துக்குரிய மாற்றம்) இல்லை, கட்டியைச் சுற்றிலும் நல்ல திசு வைத்து முழுதாக எடுத்து, முழுவதையும் பரிசோதனைக்கு அனுப்பவும் என்று கீழே சேர்த்தேன். சர்ஜனிடம் நேரிலும் பேசினேன். மார்பை எடுக்கும் தேதியை ரத்து செய்து, கட்டியை மட்டும் எடுக்க வேறு தேதி கொடுத்துவிட்டார்.

பிஜி_இரண்டாம்_வருடம் (செவ்வாய், இரவு 8.20)

மேடம், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். பினைன், அதாவது கேன்சர் இல்லை, என்றால் எதற்கு முழுதாக எடுத்து முழுவதும் பார்க்க வேண்டும்?

பழைய_நுண்ணோக்கி (செவ்வாய், இரவு 9.00)

நல்ல கேள்வி, இதில் எனக்கும் மேடத்துக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடுகூட இருக்கலாம். பெயரில் அடினோசிஸ் என்று இருப்பதால் இதை ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி மாதிரி விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. சில கட்டிகளில் ஒரு மூலையில் சாதாரண மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ், அடுத்த மூலையில் உட்கரு பெருத்த அட்டிபிகல் வகை, அதற்கும் பக்கத்தில் அசல் கார்சினோமா என்று தொடர்ச்சியாகவே பார்த்திருக்கிறார்கள். அப்படி வருகிற கார்சினோமாவும் இதே போல மூன்று ரிசப்டரும் நெகடிவ், எஸ்100 பாசிடிவ். அதனால் சில கட்டிகளுக்கு இது முன்படியாக இருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எல்லாம் அப்படிப் போவதில்லை. ஆனால் ட்ருகட் ஊசி எந்த மூலையில் குத்தியது என்று நமக்குத் தெரியாது. பாதி விட்டுவைத்தால் திரும்பவும் வளரும்.

வண்ணார்பேட்டை_பேத்தாலஜி (செவ்வாய், இரவு 9.25)

இதில் வேறுபாடே இல்லை ஐயா. மார்பைக் காப்பாற்றுவதும் கட்டியை மிச்சம் வைக்காமல் எடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

வண்ணார்பேட்டை_பேத்தாலஜி (16 நாள் கழித்து, மாலை 6.10)

கட்டி வந்தது. சரியான ஃபார்மலினில், பஃபர் போட்டு, அகன்ற வாய் பாட்டிலில். எடுத்த நேரம் மூடியில் எழுதியிருந்தது. ஓரங்களுக்கு மை தடவி, முழுவதையும் வெட்டி 14 பிளாக் போட்டோம். எல்லாவற்றிலும் அதே உருண்டைச் சுரப்பிகள், அதே சொட்டு. அட்டிபியா இல்லை, கார்சினோமா இல்லை. ஓரம் நான்கு பக்கமும் சுத்தம், மிகக் கிட்டத்தில் 6 மில்லிமீட்டர்.

அந்த அம்மா ரிப்போர்ட் வாங்க நேரில் வந்தார். பீடித்தட்டை எப்போது மடியில் வைக்கலாம் என்றுதான் முதலில் கேட்டார். தையல் ஆறட்டும், சர்ஜனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பிஜி_இரண்டாம்_வருடம் (இரவு 7.45)

மேடம், அந்த எஸ்100, பி63 ஸ்லைடுகளைப் பார்க்க வரலாமா? இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வண்ணார்பேட்டை_பேத்தாலஜி (இரவு 8.00)

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஒரு ஸ்க்ளீரோசிங் அடினோசிஸும் ஒரு டியூபுலர் கார்சினோமாவும் எடுத்து வைக்கிறேன். மூன்றையும் பெயரை மறைத்துத் தருவேன். முதல் பத்து நிமிடம் 4 எக்ஸ் மட்டும்தான்.